வாசல் மிதியடி

என் வீட்டுக்காரருக்கு,

போனில் சொன்னால் என் குரலை வைத்தே பயந்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

பழைய பேட்டரி உடைக்கும் தெருவில், வீட்டுத் தூசியில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம் அல்லவா? ஒப்பிடுவதற்குச் சுத்தமான வீடு ஒன்று தேவைப்பட்டது. நம் வீட்டைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனேன். "உங்க தேசிய ஆராய்ச்சி நிலையத்துக்கு நம்ம வீட்டுக் குப்பைதான் கிடைச்சுதா, குப்பைக்காரி?" என்று சிரித்தீர்களே, அதேதான்.

சமையலறைத் தூசியில் ஒன்றுமில்லை. வாசல் மிதியடித் தூசி மட்டும் அந்தத் தெருவையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அந்தத் தெருவில் நாளெல்லாம் நடந்துவிட்டு வந்து நான் செருப்பை உதறும் இடம். பாப்பா ஓடிவந்து என் முழங்காலைக் கட்டிக்கொள்ளும் இடமும் அதுதான்.

மிதியடியைப் பையில் கட்டி வெளியே வையுங்கள். தரையைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வெள்ளிக்கிழமை காலை பாப்பாவை இங்கே, எங்கள் நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு ரத்தம்தான் எடுப்பார்கள்.

வேலை அதிகம், விடுதியில் தங்குகிறேன் என்றேனே, வேலை அப்படியொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை புதுத்துணி, புதுச்செருப்போடு நிலைய வாசலில் நிற்பேன். அவள் ஓடிவந்தால் தடுக்காதீர்கள்.

உங்கள்
குப்பைக்காரி