அவர் கால் நீட்ட ஓர் அடி

மார்ச் 6, திங்கள்

விடியற்காலை மழை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டு இல்லை. மத்தியானம் எல்லோரும் புது லயத்து வரிசைவீடுகள் வரப்போகிற திடலுக்கு. மலாயா முழுக்க அவசரகாலமாம், அங்கங்கே கிடக்கும் லயமெல்லாம் இனி ஒரே கம்பிவேலிக்குள். பலகை அறுக்கும் முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வீடுவீடாகப் பிரித்திருக்கிறார்கள். புதன்கிழமை அவரவர் சாமானைப் பரப்பிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். அப்புறம் வாய் திறக்கக் கூடாது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி உத்தரவு.

எனக்கு நாலாவது வீடு.

"ஒத்த ஆளுக்கு முழு வீடு எதுக்கு?" என்றார் கிராணி.

"ரெண்டு பேருங்கய்யா."

தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் பேசினதற்கு என் வீட்டுக்காரரைப் போலீஸ் லோரியில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு தீபாவளியும் போய்விட்டது. தடுப்பு முகாமில் இருந்தாலும் புருஷன் புருஷன்தானே. கிராணி ஒன்றும் எழுதவில்லை, எழுதியிருந்ததை அடிக்கவும் இல்லை.

காப்பித்தூள் தீர்ந்தது.

மார்ச் 8, புதன்

நல்ல வெயில். கொண்டுபோனது: அடுப்பு, தண்ணீர்த் தகரம், டிரங்குப் பெட்டி, முருகன் படம், பாய் இரண்டு.

திடல் முழுக்கச் சுவரில்லாத வீடுகள். "ஏய், செவுத்துல நடக்காதே!" என்று ஆளாளுக்குக் கத்தல். பக்கத்து வீட்டு முத்தம்மாக்கா என் வீட்டு வெட்டவெளி வாசலில் நின்று, "கதவைத் தொறடி காமாட்சி" என்கிறாள். சிரித்தேன். எத்தனை நாளாயிற்று.

படுத்துப் பார்க்கும்போதுதான் வினை. கிராணி வரைந்தபடி படுத்தால் தலை வடக்கே. வரிசையே எழுந்து உட்கார்ந்துவிட்டது. "வடக்க தலை வச்சா குடும்பம் வெளங்குமா?" எல்லோரும் கிழக்கே தலைவைத்துத் திரும்பிப் படுத்தோம். அந்தப் பக்கம் அறை அகலம் கம்மி. மற்றவர்களுக்குப் போதும். என் வீட்டுக்காரர் நெட்டை. பாயைத் தாண்டி ஒரு சாண் நீட்டித்தான் தூங்குவார். பாயை விரித்து, கால் வரும் இடத்தில் அவர் துண்டை வைத்தேன். துண்டு முத்தம்மாக்கா அடுப்படியில்.

"ஒம் புருசன் காலு என் அடுப்புல வேகும்லா," என்றாள். குனிந்து கோட்டைக் காலால் தேய்த்து அழித்தாள். தன் வீட்டுப் பக்கம் ஓர் அடி உள்ளே தள்ளி வேறு கோடு. "கோடுதானே. எனக்கென்ன, ஒரு சட்டிய நகத்தி வச்சா ஆச்சு." கிராணி முறைத்தார். தச்சர், "முடியுங்கய்யா," என்றார்.

அவர் பாய்க்குப் பக்கத்தில் படுத்தேன். ஊரே பார்க்கிறது, வெட்கமே இல்லை. கை நீட்டினால் வெறும் பாய். எனக்கு அவர் வேண்டும். எழுதிவிட்டேன், யார் படிக்கப்போகிறார்கள்.

மார்ச் 14, செவ்வாய்

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர். என் வீட்டுக்காரரைக் கப்பலேற்றி நாகப்பட்டினம் அனுப்புகிறார்களாம். திரும்பி வர முடியாது. "நீ கூடப் போலாம், இல்ல இங்கயே இருக்கலாம். நாளைக்குச் சொல்லு."

நான் பிறந்தது இந்தத் தோட்டத்தில். கடல் என்றால் கோலசிலாங்கூரில் பார்த்தது. அவர் ஊரில் வீடு இருக்கிறதா என்றுகூடக் கேட்டதில்லை.



மார்ச் 15, புதன்

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். தகரம், அடுப்பு முத்தம்மாக்காவுக்கு. பாய் இரண்டும் என்னோடு.

சாயங்காலம் திடலில் வீட்டுக் கால் நடக் குழி வெட்டுகிறார்கள். தச்சர் கேட்டார், அந்த ஓர் அடியை அக்கா வீட்டுக்கே திருப்பி வைத்துவிடலாமா என்று.

"வேணாம். போட்ட கோட்டுலயே வெட்டு," என்றாள் முத்தம்மாக்கா. "நெட்டையா யாராச்சும் குடி வராமலா போயிடுவாங்க?"

என் பக்கம் திரும்பவே இல்லை.