ருக்மணி திரும்பி வந்த வாரம்

ஆடி 6, திங்கள்.
விடியற்காலை முதல் குமுளி மலைப் பக்கமிருந்து சாரல். காற்றில் பள்ளிக் கூரையின் இரண்டு ஓடுகள் நழுவின. வியாழனன்று இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் வருகை. செய்ய வேண்டியவை: கரும்பலகைக்குக் கரி பூசுதல், தேசப்படத்தின் கிழிசலுக்குப் பசை, எனது நீலப் புடைவைக்குக் கஞ்சி.

மாலையில் பள்ளி மானேஜர் ஐயா (இனி மா.ஐ.) சொல்லி அனுப்பினார். ருக்மணி வந்துவிட்டாளாம்! கணவனுக்குக் கூடலூரிலிருந்து மறுபடி இவ்வூருக்கே மாற்றல். மூன்றாண்டுகளுக்கு முன் அவள் விட்டுப்போன ஆசிரியை இடத்தில்தான், "அவுக திரும்பி வர்றவரைக்கும்" என்ற வாய்ச்சொல்லின் பேரில் நான் அமர்ந்தேன். எழுத்தில் யாதொன்றுமில்லை.

மா.ஐ. வீட்டில் இப்பொழுதே அவளது ஆர்மோனியச் சத்தம்.

ஆடி 7, செவ்வாய்.
"வாத்தியாரம்மா, தப்பா எடுத்துக்கிடாதீக. இன்ஸ்பெக்டரம்மா முன்னால ருக்மணி டீச்சர் ஒரு பாட்டுப் பாடுனாகன்னா சர்க்கார் கிராண்டுப் பணம் தானா வரும். நீங்க ரெண்டு நாளு வீட்டுல இருங்க" என்றார் மா.ஐ.

"இரண்டு நாள் கழித்து?"

"அதை அப்புறம் பேசிக்கிருவோம்."

சாவியை மேசைமீது வைத்துவிட்டு வந்தேன். நான் எவரிடமும் சென்று பயின்றவளல்லேன். மளிகைப் பொட்டலத் தாள்களே என் பாடநூல்கள். எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியே எழுதித் தேறினேன். இவ்வளவும் ஓர் ஆர்மோனியப் பெட்டிக்கு முன் ஒன்றுமில்லையோ?

தலைவலி. சுக்குப் பற்று. இரவு உணவு கொள்ளவில்லை.

ஆடி 8, புதன்.
வானம் வெளுப்பு. பெருங்காற்று.

முற்பகல் பத்து மணிக்கு மா.ஐ. தாமே என் வாசலில்! தோளில் துண்டில்லை, செருப்பைக்கூட மறந்து வந்திருந்தார்.

"முப்பத்தோரு பிள்ளைகள்ல அஞ்சுதேன் வந்திருக்கு வாத்தியாரம்மா! நாளைக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்து பார்த்தாகன்னா பள்ளிக்கூடத்தையே மூடிப்பிடுவாக."

காரணம் வினவினேன். நேற்று ருக்மணி உள்ளே நுழைந்ததும் உத்தரத்தில் தொங்கிய புடைவைத் தொட்டில்களை அவிழ்த்து எறிந்தாளாம். "இது பள்ளிக்கூடமா, பிள்ளைபெத்த வீடா?" என்றாளாம். கைக்குழந்தையோடு வந்த சிறுமியரை வெளியே நிற்க வைத்தாளாம்.

இப்பள்ளத்தாக்கில் நடவுக் காலத்தில் தாய்மார் அனைவரும் வயலில். கைக்குழந்தையைப் பார்ப்பவள் மூத்த பெண். குழந்தை வராவிடில் அவளும் வாராள். இது ருக்மணிக்குத் தெரியாததன்று. அவள் காலத்தில் ஆடி, ஆவணியில் வகுப்பு வெறிச்சோடும். அவள் சும்மா இருந்து பாடுவாள். தொட்டில் கட்டியவள் நான்.

"வருகிறேன். முதலில் இதில் ஒப்பமிடுங்கள்" என்று, இரவே எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். அதன் வாசகம்: "மேற்படி பாடசாலையின் ஆசிரியையாக, இவ்வம்மையாரின் திறமையும் ஊக்கமும் கருதி, இன்று முதல் நிரந்தரமாக நியமிக்கலாயிற்று."

"எழுதிக் கேக்குறதுக்கு இதுவா நேரம்?"

"இதுவே நேரம்."

"'திறமையும் ஊக்கமும்'னு நீங்களே எழுதிக்கிட்டீகளாக்கும்?"

"பிழை இருப்பின் திருத்துங்கள்."

திருத்தவில்லை. ஒப்பமிட்டார். மை காயும்வரை நான் தாளைத் தொடவில்லை.

பின்னர் தாய்மாரைத் தேடி வரப்பு வரப்பாக நடை. முழங்கால்வரை சேறு. நாற்றுக் கற்றையோடு நிமிர்ந்த பேச்சி கேட்டாள்: "அந்தப் பாட்டு டீச்சர் என் மகளை வெளிய நிப்பாட்டிருச்சு. நாளைக்கு நீங்க இருப்பீகளா, அதைச் சொல்லுங்க."

"நாளைக்கும் இருப்பேன். என்றும் இருப்பேன்."

"அப்பச் சரி. சின்னதையும் சேத்து அனுப்புறேன். அது கடிக்கும், பார்த்துக்கிருங்க."

வரப்பெல்லாம் சிரிப்பு. நானும்.

ஆடி 9, வியாழன்.
நீலப் புடைவை. கஞ்சி சற்று அதிகம். ருக்மணியைக் காணோம்.

வருகை: சிறுமியர் முப்பத்தொருவர், கைக்குழந்தைகள் ஏழு. மீண்டும் கட்டிய தொட்டில் நான்கே. "டீச்சர், தம்பிய எங்கன போட?" என்றாள் பேச்சியின் மகள் மாரி. என் மேசைமீது போடச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் வாயிற்படியிலேயே நின்றுவிட்டார். மா.ஐ. முகத்தில் இரத்தமில்லை. ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த சிறுமியிடம் அம்மாள் திடீரென, "ஏழெட்டு?" என்றார்.

"அம்பத்தாறு." கயிற்றை விடவில்லை அவள். ஆட்டத்திற்கு ஒரு வரியாக வாய்பாடு பயின்ற வகுப்பு அன்றோ!

எட்டுப் பேரை வாசிக்கச் செய்தார். எண்மரும் தடங்கலின்றி வாசித்தனர். மாரியின் தம்பி அம்மாளின் குடைப்பிடியைக் கடித்தான், அதற்கும் சிரித்தார்.

"இது யாருடைய ஏற்பாடு?"

"நாந்தேன் செய்யச் சொன்னேன்" என்றார் மா.ஐ.!

நான் மறுக்கவில்லை. அவர் ஒப்பமிட்ட உத்தரவு என் இடுப்பில் பத்திரமாக இருந்தது. அம்மாள் என்னைப் பார்த்தார், தமக்குள் நகைத்தார், பார்வைப் புத்தகத்தில் எழுதினார். கிராண்டு தொடரலாம், பிள்ளைகளின் கூட்டத்தை முன்னிட்டு, முதல் ஆசிரியைக்குக் கீழ் உதவி ஆசிரியை ஒருவரும் தேவை.

"முதல் ஆசிரியை." நான்கு முறை படித்தேன்.

ஆடி 13, திங்கள்.
மழை. ஓடுகளை இன்னும் சரிசெய்யவில்லை, மா.ஐ.-க்கு நினைவூட்டல். தேசப்படப் பசையை எலி தின்றது.

ருக்மணி உதவி ஆசிரியையாக வந்தாள். பத்து நிமிடம் தாமதம். குடையை மடக்கியபடி வாசலில் நின்று, "நான் எங்கன உக்கார, அக்கா?" என்றாள்.

அழும் குழந்தைகள் மூன்று இருந்தன. இனிய குரல் அவளுக்கு. அதை நான் ஒருபொழுதும் மறுத்ததில்லை. தொட்டில் பக்கம் கை காட்டினேன்.