அப்பா நிரப்பிய படிவம்

சென்னை
21.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மதி எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் "எனக்கென்ன" என்றுதான் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை. இந்தப் பயிற்சி மையத்து விடுதியில் சேர்ந்த அன்றே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் தருவார்களாம். தந்து என்ன, நான் பேசினால் உங்களுக்குக் கேட்கவா போகிறது? அதனால்தான் கடிதம்.

எழுத்துத் தேர்வும் ஓட்டமும் தாண்டியாயிற்று. ஆளுமைத் தேர்வும் அதை ஒட்டிய நேர்காணலும்தான் பாக்கி. எஸ்.ஐ. வேலைக்கு வருகிறவளின் மனசு எப்படிப்பட்டது என்று முந்நூறு கேள்வி கேட்டுப் பார்ப்பார்களாம். ஆம், இல்லை, இரண்டில் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். இங்கே தினமும் மாதிரித்தாள் நடக்கிறது, தேர்விலும் இதே கேள்விகள் இதே வரிசையில்தான் வருமாம். "எனக்குக் கோபமே வராது", "நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை" என்றெல்லாம் இருக்கிறது. என் அறையில் இருக்கும் மோகனப்பிரியா இரண்டுக்கும் ஆம் போட்டுவிட்டாள். "ஏம்மா, நீ மனுஷியா சாமியா?" என்று கேட்டார் எங்கள் நந்தகுமார் சார். வகுப்பே சிரித்தது. ஒரே விஷயத்தை நாற்பது கேள்வி தள்ளி வேறு மாதிரி கேட்பார்களாம், பொய் சொன்னவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்களாம்.

நூற்றுப் பதினெட்டாவது கேள்வி, "நான் என் தந்தையை நேசிக்கிறேன்." இதெல்லாம் ஒரு கேள்வியா, பாருங்களேன்.

வயது வரம்பில் எனக்கு இதுதான் கடைசி வருடம். அதை நினைத்துக் கொளஞ்சியப்பரைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்
மதிவதனி


விருத்தாசலம்
25.8.2025

அன்பு மகள் மதிக்கு அப்பா எழுதுவது.

எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. ஓட்டம் முடிந்துவிட்டது என்று பட்டினி கிடக்காதே.

கம்பெனியில் என்னை மண் அரைக்கும் மில்லிலிருந்து எடுத்து செக்கிங்கில் போட்டுவிட்டார்கள். இருபத்தைந்து வருடம் அந்த மில் பக்கத்தில் நின்றுதானே காது போனது, இப்போதாவது தோன்றியதே. முன்பெல்லாம் பீங்கான் பீஸ் கேரியரைத் தட்டிப் பார்த்தே விரிசலைச் சொல்லிவிடுவேன். இப்போது மை தடவித் துடைத்துப் பார்க்கிறேன். விரிசல் இருந்தால் மை நின்றுவிடும்.

பக்கத்து வீட்டு வளர்மதி கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு வரன் இருப்பதாகச் சொன்னது. "மொதல்ல வேலை கிடைக்கட்டும்" என்றேன். "போலீஸு வூடு ஆயிட்டா எங்களையெல்லாம் மறந்துடுவீங்க" என்று கத்தியது. கத்தியும் எனக்குப் பாதிதான் கேட்டது, மீதியை வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹாலில் நடக்கும் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறேன். குடியை விட்டு மூன்று வருடம் ஏழு மாதம் ஆகிறது. ஒவ்வொருவரும் எழுந்து, தான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் அங்கே உட்கார வேண்டும். எனக்கு இப்போது அது பழகிவிட்டது.

அந்த நூற்றுப் பதினெட்டுக்கு நீ என்ன போட்டாய் என்று எழுதவே இல்லையே.

இப்படிக்கு உன் அப்பா
அர்ச்சுனன்


சென்னை
30.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முந்நூறில் அது ஒரு கேள்வி, அதைப் போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே.

முக்கியமான விஷயம் வேறு. பெற்றோர் நிரப்பித் தர வேண்டிய படிவம் ஒன்று நம் வீட்டுக்குத் தபாலில் வருமாம். பிள்ளை எப்படி வளர்ந்தது, குணம் எப்படி என்று கேட்டிருப்பார்களாம். ஏழு நாள்தான் கெடு. உங்களுக்கு எதையும் "நாளைக்கு, நாளைக்கு" என்று தள்ளுகிற பழக்கம். போன வருடம் சாதிச் சான்றிதழை நாலு நாள் கழித்து அனுப்பினீர்கள், ஒரு வருடமே போனது. அம்மா இருந்திருந்தால் ஓடிப்போய் அனுப்பியிருப்பாள். அவள் போய் நாலு வருடம் ஆகியும் இந்த மாதிரி நேரத்தில்தான் அதிகம் தேடுகிறேன்.

இந்தத் தடவை வந்த உடனே போட்டுவிடுங்கள் அப்பா. கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்பு மகள்
மதிவதனி


விருத்தாசலம்
5.9.2025

அன்பு மகள் மதிக்கு,

படிவம் நேற்று வந்தது. இன்று அரைநாள் லீவு சொல்லிவிட்டு, உட்கார்ந்து எழுதி, பதிவுத் தபாலில் போட்டாயிற்று. வந்த மறுநாளே! இந்தத் தடவை உங்கப்பனைக் குறை சொல்ல வழியில்லை.

பிள்ளை வீட்டில் பயந்து வளர்ந்ததா என்று ஒரு கேள்வி. வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஆம் என்று போட்டேன். விவரம் எழுதக் கோடு விட்டிருந்தார்கள். நான் குடித்துவிட்டு வந்து உங்கம்மா அன்புக்கரசியை அடித்ததை எழுதினேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது அவள் கை முறிந்ததை எழுதினேன். நீ அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனதையும், அவர்கள் சாயங்காலம் வரைக்கும் உட்கார வைத்து என்னோடேயே உங்களைத் திருப்பி அனுப்பியதையும் எழுதினேன். அதனால்தான் என் மகள் போலீஸ் ஆக நினைக்கிறாள் என்றும் எழுதினேன். இடம் போதாமல் பின்பக்கமும் எழுத வேண்டியதாயிற்று.

பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று நீதானே எழுதியிருந்தாய். என்னால் உனக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது.

உங்கள் பிள்ளை உங்களை நேசிக்கிறாரா என்று கடைசியில் கேட்டிருந்தார்கள். அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன். அது நீ சொல்ல வேண்டியது பாப்பா.

உன் அப்பா
அர்ச்சுனன்


சென்னை
5.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். படிவம் வந்திருந்தால் இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். உடனே அனுப்பச் சொன்னவள் நான்தான், ஆனால் இன்றுதான் சாரிடம் கேட்டேன். வீட்டுச் சண்டையெல்லாம் எழுதினால் பிள்ளை மனசு கெட்டுப் போயிருக்கும் என்று எண்ணிக்கொள்வார்களாம்.

பயந்து வளர்ந்ததா என்றால் இல்லை என்று போடுங்கள். சண்டை உண்டா என்றால், எல்லா வீட்டிலும் போல எப்போதாவது. போலீஸ் நிலையத்துக்குப் போனதுண்டா, இல்லை. மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

அந்தக் காலம் யாருக்கும் தெரிய வேண்டாம் அப்பா. நானே மறந்துவிட்டேன். என் தாளிலும் அப்படித்தான் போடப் போகிறேன்.

மதிவதனி


விருத்தாசலம்
9.9.2025

மதிக்கு,

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் கைக்கு வந்தது. அதற்குள் என் கடிதமும் உனக்கு வந்திருக்கும்.

காலையில் தபாலாபீசு திறக்கும் முன்னமே போய் நின்றேன். ரசீதைக் காட்டி, அதைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அந்தப் பெண் ஏதோ சொன்னது, கேட்கவில்லை. எழுதிக் காட்டச் சொன்னேன். "6ஆம் தேதியே சேர்ந்துவிட்டது" என்று ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தது. இருந்தாலும் அங்கேயே நின்றேன். "பெரியவரே, தள்ளி நில்லுங்க" என்று பின்னால் நின்றவர் தோளைத் தொட்டார்.

வேறு கடிதம் எழுதி, முதலில் எழுதியதெல்லாம் பொய், குடிகாரன் உளறினது என்று அனுப்பட்டுமா? கூட்டத்தில் வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆனாலும் நீ சொன்னால் எழுதுகிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. வளர்மதியை விட்டு விடுதிக்குப் போன் போடச் சொன்னேன். வகுப்பு நடக்கிறது என்று வைத்துவிட்டார்களாம்.

கம்பெனிக்குப் போகவில்லை. பயப்படாதே, குடிக்கவும் இல்லை. ஒரு வரி எழுது பாப்பா.

அப்பா


சென்னை
14.11.2025

அப்பாவுக்கு,

இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் போட்ட நாலு கடிதமும் வந்து சேர்ந்தன.

நேற்றுப் பட்டியல் வந்தது. மோகனப்பிரியாவின் எண் இருக்கிறது. என்னுடையது இல்லை.

தேர்வுக்கு முன்பே நீங்கள் எழுதியதைச் சாரிடம் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இல்லைன்னு போட்டா பொய்யாயிடும். ஆமான்னு போட்டா பயந்தவன்னு ஆயிடும். நான் என்னத்தைம்மா சொல்றது?" என்றார். இத்தனை நாள் சொல்லிக் கொடுத்தவருக்கே வழி தெரியவில்லை. நான் உண்மையையே போட்டுவிட்டு வந்தேன்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த மேடம் கையில் உங்கள் படிவம். பின்பக்கத்தையும் திருப்பிப் படித்தார். "அம்மா அடி வாங்குனதைப் பாத்திருக்கீங்க. அப்பாவைக் கண்டு பயந்திருக்கீங்க. நூத்திப் பதினெட்டுல ஆம்னு போட்டிருக்கீங்களே. ரெண்டுல எதும்மா பொய்?" என்று கேட்டார். "ரெண்டுமே பொய் இல்லைங்க மேடம்" என்றேன். எதையோ குறித்துக்கொண்டு, போகலாம் என்றார்கள். அதனால்தான் போயிற்றா என்று எனக்குத் தெரியாது. அதை யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் நாலு வரி தள்ளி மாட்டிக்கொள்வேன். கோபம் இருக்கிறது. வேலை போனதற்காக மட்டும் இல்லை. பதினேழு வருடமாக நீங்கள் வாயைத் திறந்து சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். முன்பின் தெரியாதவர்களுக்கு இரண்டு பக்கம் எழுதினீர்களே, அதில் ஒரு பக்கம் எனக்கு எழுதியிருக்கலாமே அப்பா.

இந்த விடுதியிலேயே வார்டன் வேலை தருகிறார்கள். சேர்ந்துவிட்டேன். பொங்கலுக்கு வர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நூற்றுப் பதினெட்டுக்கு என்ன போட்டாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பதில் கிடைத்துவிட்டது. இனி நானாக எழுதும் வரைக்கும் எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

மதிவதனி