பிளக்கைத் திறந்தேன், தம்பி

என் அருமைத் தம்பி சந்திரனுக்கு,

அருமை என்று எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இருக்கட்டும். இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அந்தச் சொல் உனக்காக இல்லாவிட்டாலும் எனக்காக நிற்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஓராண்டு. பீடோங்கில் மண்டபம் எடுத்திருக்கிறோம். படையல் முடிந்ததும் உன் பழைய வாத்தியக் குழு வாசிக்கப் போகிறது. உன் கிட்டாரை உன் மகள் ஈஸ்வரி வாசிக்கிறாள். உள்ளே வால்வுகள் செக்கச்செவேலென்று எரியுமே, உன் அந்தப் பழைய ஆம்ப்ளிபையரில்தான் வாசிப்பேன் என்று அவளுக்குப் பிடிவாதம். போன வாரம் அதைக் காடியில் ஏற்றிக்கொண்டு மெர்போக்குக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அத்தை, அப்பா இத சுங்கை பட்டாணியில ஒரு சீனக் கிழவர்கிட்டதான் சர்வீஸ் குடுப்பாராமே. அவரு கடை எங்க இருக்கு?"

நீ செத்தும் உன் பொய் சாகவில்லை, பார்.

"அந்தக் கிழவர் இங்கதான் சேலை கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. தூக்கி மேசையில வை" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

நான் தோட்டத்துப் பள்ளியில் நாலாவதோடு நின்றவள். ரப்பர் மரம் வெட்டப் போய், பிறகு சுங்கை பட்டாணியில் ரேடியோ செய்கிற கிலாங்கில் சேர்ந்து, ஈயம் வைத்துக் கை பழகியவள். அந்தக் கைதான் உன் ஆம்ப்ளிபையரை முதல் முதலாகத் திறந்தது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதற்குள் ஆளை அடிக்கிற மின்சாரம் தேங்கி நிற்கும், அதை இறக்காமல் விரல் வைக்கக்கூடாது என்று உனக்குச் சொன்னதும் நான்தான்.

பின்பலகையைக் கழற்றினேன். சீ! மிளகு கொட்டினதுபோல் கரப்பான் எச்சம். டிரான்ஸ்பார்மர் மேல் ஒரு பல்லி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைவிடக் கேவலம் அந்தச் சத்தக் குமிழ். திருப்பினால் கரகரக்கிறது என்று எவனோ தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறான். எண்ணெய் சிக்குப் பிடித்துப் பிசினாகி, அதில் எறும்பு செத்துக் கிடக்கிறது. எவனோ என்ன எவனோ. நீதான். தலைக்குத் தடவுவதை இதற்கும் ஊற்றுகிறவன் நம் குடும்பத்தில் வேறு யார்?

மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தேன். தேங்கிய மின்சாரத்தை இறக்கினேன். வால்வுகளைத் துணியில் பிடித்து, மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்தேன். ஒன்றின் உச்சியில் வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்திருந்தது. காற்று புகுந்துவிட்டது, அது போச்சு; வேறு மாற்றினேன். மற்றதெல்லாம் நல்லதுதான். மாட்டுகிற குழிகளைப் பழைய பல் தூரிகையால் தேய்த்தேன். குமிழைக் கழுவிப் பார்த்தும் பிசின் போகாமல் புதிதே போட்டேன்.

தேய்க்கத் தேய்க்க, எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் உன் குழு வாசிக்கப் போன அந்தக் கல்யாணம்தான் கண்ணில் நின்றது.

ரெஜினா அப்போது உன் குழுவில் பாடிக்கொண்டே இன்னொரு கிட்டாரும் வாசிப்பாள். இரண்டு கிட்டாருக்கும் இந்த ஒரே ஆம்ப்ளிபையர். விரல் கம்பியில் இருக்க, பல்லவி எடுக்க மைக்கில் வாயை வைத்தாள். படீரென்று ஒரு சத்தம். பின்னால் சாய்ந்தாள். உதடு வெந்து தோல் உரிந்துவிட்டது. நான் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறேன். நீ மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாய்: "எங்கக்கா சால்டரிங் பண்ணது. பொம்பள வேலன்னா இப்படித்தான். நான் அப்பவே வேணாம்னேன்." அன்றைக்கு நான் ஊதாச் சேலை. உன் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. ஒன்றும் மறக்கவில்லை.

மறுநாளே பிரித்துப் போட்டுத் தேடினேன். ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னைத் தின்றது. எனக்கே தெரியாத ஏதோ ஒரு பிசகு என் கையில் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். பாசாரில் காய் வாங்கும்போது ரெஜினாவைக் கண்டால் வேறு பக்கம் திரும்பி நடந்தேன். நீ ஊருக்கெல்லாம் சீனக் கிழவர் கதை சொன்னாய். ஆனால் வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் பெட்டி என் வீட்டுப் பின்வாசலுக்குத்தான் வந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு செய்து கொடுத்தேன். நினைத்தால் என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

அப்போது என்னிடம் மீட்டர் கிடையாது. இப்போது இருக்கிறது. அதன் ஒரு முனையை ஆம்ப்ளிபையரின் தகரத்தில் வைத்தேன், மறுமுனையைப் பிளக்கின் பெரிய பின்னில் வைத்தேன். எர்த் கம்பி அறுபடாமல் இருந்தால் மீட்டர் கீச்சென்று கத்த வேண்டும். கத்தவில்லை.

பிளக்கைத் திறந்தேன். அத்தனை வருஷத்தில் நான் திறக்காத ஒரே இடம் அதுதான். நீ மாட்டிய பிளக். தம்பி மாட்டினதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே எர்த் கம்பியை ஒட்ட வெட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, அழகாக மடக்கி வைத்திருந்தாய். மின்சாரம் கசிந்தால் ஆள் மேல் ஏறாமல் மண்ணுக்குக் கொண்டுபோகிற கம்பி. அது இருந்தால், மைக் செட்டோடு சேரும்போது ஸ்பீக்கரில் 'ங்ங்' என்று ஓர் இரைச்சல் வரும். உன் வாசிப்புக்கு அது இடைஞ்சலாம். அதற்காக வெட்டினாய்.

மறுநாள் காலை பசியாறக்கூட இல்லை. ஈஸ்வரியைக் காடி எடுக்கச் சொல்லித் தஞ்சோங் டாவாய்க்குப் போனேன். ரெஜினா வாசலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உதட்டுத் தழும்பு இன்னும் இருக்கிறது. கழற்றிக் கொண்டுபோன பிளக்கை நீட்டினேன்.

"ரெஜினா, உன் ஒதட்ட சுட்டது என் வேல இல்ல. இந்தா, பாரு."

அவள் கையை நீட்டவில்லை. நெத்திலியைப் புரட்டிக்கொண்டே, "தெரியும்க்கா" என்றாள்.

"என்னா தெரியும்?"

"அண்ணே அந்த வாரமே சொல்லிட்டாரு, எர்த்த தான்தான் வெட்டுனேன்னு. குழுவுல எல்லாருக்கும் தெரியும்லா. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் ஆம்ப்ளிபையர தொடமாட்டாங்கன்னாரு."

"சொன்னவன் ஏன்டி திருப்பி மாட்டல?"

"மைக்குக்கு ஸ்பாஞ்சு போட்டாருக்கா. கால்ல சப்பாத்து இல்லாம மேடை ஏறாதீங்கன்னாரு. எரைச்சல் அவருக்கு ஆகாது."

ஸ்பாஞ்சு! த்தூ.

பக்கத்தில் நின்ற ஈஸ்வரி மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, போன மாசம் நான் அதுல வெறுங்கால்ல நின்னு வாசிச்சேன்."

அதைக் கேட்டதும் குனிந்து அவள் காலைப் பார்த்தேன். உன் மகள், தம்பி. உன் பெட்டியை வேறு யார் தொடுவார்கள் என்று நினைத்தாய்? என் வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்பை வழித்துத் தின்றாயே, ஒரு கவளம்கூடத் தொண்டையில் நிற்கவில்லையா? கடைசியில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு "அக்கா, அக்கா" என்றாயே, சொல்ல வந்தது இதுவா? இல்லை, தண்ணீர்தான் கேட்டாயா?

ரெஜினா தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் குடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அவளையும் லேசில் விடமாட்டேன்.

புதுக் கம்பி இழுத்து, எர்த்தைத் தகரத்தோடு முடுக்கி, புதுப் பிளக் போட்டாயிற்று. மீட்டர் கத்தியது. நேற்று மண்டபத்தில் ஒத்திகை பார்த்தோம். இரைச்சல் வந்தது. மைக் செட்டுக்கும் ஆம்ப்ளிபையருக்கும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து மின்சாரம் கொடுத்தேன். பாதி அடங்கியது. உன் ட்ரம்ஸ்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "அக்கா, எர்த்த கழட்டிடுங்களேன், சுத்தமா கேக்கும்" என்றார்.

"உங்க வீட்டுக்காரம்மாவ மைக்குல நிக்க வைங்க, கழட்டறேன்."

அவர் காதிலிருந்து கையை எடுத்துக்கொண்டு ட்ரம்ஸ் பக்கம் போனார்.

ஈஸ்வரி சொல்கிறாள், வாசிப்பதற்கு முன்னால் இதைச் சர்வீஸ் செய்தது என் அத்தை என்று மேடையில் அறிவிக்கப் போகிறாளாம். ரெஜினா உதடு வெந்தது யாரால் என்றும் சேர்த்துச் சொல்லு என்றேன். "அப்பா நினைவு நாள்ல எப்படி அத்தை?" என்று தயங்கினாள். "உங்கப்பா எம்மேல பழி சொன்னது ஒரு கல்யாணத்துல" என்றேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். நீயாக இருந்தால் ஆட்டியிருக்கமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பிடித்த நண்டுப் பிரட்டல் வைக்கிறேன். அதில் குறை வைக்கமாட்டேன். தின்றதும் நழுவிவிடாதே. இருந்து கேள். இரைச்சல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நான் உயிரோடு இருக்கிற வரைக்கும் அந்தக் கம்பியில் எவனும் கத்தி வைக்கமாட்டான். உன் மகள் அதில் வாசித்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்புவாள். இது சத்தியம்.

கோபம் ஆறாத, உன் கூடப்பிறந்த ஒரே அக்கா,
பாக்கியம்