வண்டி விட்ட பிறகு

இன்று காலை பரணிலிருந்து பித்தளைத் தூக்கை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் நல்லெண்ணெய் வாசம் லேசாக வந்தது. எத்தனை முறை துலக்கியும் போகாத உன் புளியோதரை வாசம், தங்கச்சி.

நான் கொல்லத்தில் வாத்தியாராக இருந்த காலம். விடுமுறை முடிந்து பகல் வண்டியில் திரும்பும்போது, அம்பாசமுத்திரத்தில் தூக்கோடு நிற்பாய். ரயிலில் போகும் அண்ணனுக்குச் சோறு கொடுப்பதை உன் மாமியாரும் தடுக்கவில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அதே தூக்கில் நேந்திரங்காய் வறுவல் நிரப்பிக் கொண்டுவருவேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரும் வழக்கம் நம் வீட்டில் இல்லையே.

"அண்ணாச்சி, தேங்காயெண்ணெயாத் தின்னு மூஞ்சி மினுங்குது!"

"பைய பேசுட்டி. வண்டியில எம் பள்ளிக்கூடத்துப் பயலுவ இருக்கானுவ."

"இருக்கட்டுமே! வாத்தியாருக்கு வீட்டுல என்ன பட்டப்பேருன்னு சொல்லட்டா?"

வண்டி நகர்ந்த பிறகும் உன் சிரிப்புக் கேட்கும்.

போர் வந்தது. நிலக்கரி இல்லை என்று பகல் வண்டியை நிறுத்தினார்கள். மிச்சமிருந்தது இரவு வண்டி. அந்த நேரத்தில் உன்னை யார் ரயிலடிக்கு விடுவார்கள்? மாட்டுவண்டி இருக்கிறதே, அதில் போய்ப் பார்த்தால் ஆகாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். போனேன். முன்கட்டில் மாமியார் உட்கார்ந்திருக்க, எனக்கு இலை போட்டார்கள். நீ கதவுக்குப் பின்னால் நின்றாய்.

"அண்ணாச்சி, அங்கன மழை உண்டா?"

"உண்டும்மா."

அவ்வளவுதான் பேச்சு. ரயில் நின்றால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

புறப்படும்போது வறுவலை உன் வீட்டுப் பாத்திரத்தில் கொட்டிவிட்டுத் தூக்கை நீட்டினேன். நீ வாங்கவில்லை.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும். வண்டி விட்டபொறவு கொண்டாங்க."

மாமியாருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

வண்டி விடவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. பதினாறாம் நாள் விசேஷத்தில் மாமியார் கேட்டார்: "எங்க தூக்கு ஒண்ணு உங்ககிட்ட இருக்குல்லா?"

"வண்டி விட்டதும் தாறேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

போர் முடிந்தது. பகல் வண்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தூக்கைத் துடைத்தேன். வெறுமனே வைக்க மனம் வரவில்லை. ஒரு பிடி அரிசி போட்டு மூடிவைத்தேன்.