கை இருக்கு, வா

கேட்கிளா, யூட்டா
அக்டோபர் 28

ஷாலீனுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கித்தான் பழக்கம். இன்று கை வரவில்லை. உன் எண்ணை என் போனில் அடைத்துவிட்டேன். குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், நீயும் "சரி விடுடி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கணுக்காலில் தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். அது கிடக்கட்டும். நேற்று ரூலன் சூப் கொண்டுவந்தான். நீ கட்டிக்கொள்ளப்போகும் ப்ராக் ஊரெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு திரிகிறான் என்று அவன்தான் சொன்னான். "கூப்பிடறதுக்கு முன்னாடியே மார்வா குதிச்சுட்டா. அவளுக்குப் பொறுமையே கிடையாது." நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாயாம்.

உனக்கு மறந்திருக்கும், நினைவுபடுத்துகிறேன். பள்ளத்தாக்குக்கு இறங்கும் அந்தப் பாறை இடுக்கில் கயிறு கட்ட மரமும் இல்லை, கல்லும் இல்லை. பாறையில் ஆணி அடிப்பது நமக்குப் பிடிக்காது. கனத்த உடம்புக்காரி என்று வழக்கம்போல என்னைத்தான் மேலே உட்கார வைத்தீர்கள். கயிற்றை என் இடுப்புப் பட்டையில் மாட்டி, எதிர்ச்சுவரில் இரண்டு காலையும் ஊன்றி, ரூலனையும் ப்ராக்கையும் உன்னையும் ஒவ்வொருவராக இறக்கினேன். கடைசி ஆளுக்குக் கயிறு கிடையாது. முதுகையும் முழங்காலையும் சுவரில் நெருக்கிக்கொண்டு சரிய வேண்டும், இடுக்கு அகலும் இடத்தில் பிடியை விட வேண்டும், கீழே நிற்கிறவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். பாறை வயிறு தள்ளி நிற்பதால் கீழே யார் இருக்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியாது. உன் குரல் ஒன்றுதான் கணக்கு. இத்தனை வருடமும் அந்தக் குரல்தான்: "கை இருக்கு, வா."

அன்றும் கேட்டது. விட்டேன். கை இல்லை.

நீ ஏன் அங்கே இல்லை? இதற்கு மட்டும் பதில் எழுது.

மார்வா


கானப்
நவம்பர் 3

என் அன்பு மார்வா,

'அன்பு' என்று நீ எழுதாவிட்டால் என்ன, நான் எழுதுவேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நன்றாகத் தூங்குகிறாயா? காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொள். பீச் பழ ஜாம் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன், உனக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை குறைத்துக் கிளறினது.

அன்றைக்கு நான் உன்னைக் கூப்பிடவே இல்லை, மார்வா. அந்த இடுக்கில் ஒரு சத்தம் நாலாகத் திரும்பும் என்று உனக்குத் தெரியாதா? நீ தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை என்று ப்ராக் சொல்கிறார். தாகத்தில் காதில் என்னென்னவோ விழும். யார் மேல் தப்பு என்று இப்போது எதற்கு? ஏப்ரலில் கல்யாணம். நீ என் பக்கத்தில் நிற்காமல் யார் நிற்பார்கள்? உனக்கு நீலம் எடுத்திருக்கிறேன்.

கோபம் ஆறினதும் கூப்பிடு.

என்றும் உன்
ஷாலீன்


கேட்கிளா
நவம்பர் 8

ஷாலீன்,

ஜாமைத் திறக்காமலே ரூலனிடம் கொடுத்துவிட்டேன். நீலத் துணியை நீயே வைத்துக்கொள், ஜன்னலுக்கு ஆகும்.

தாகமாம். பள்ளி பஸ்ஸை ஓட்டிக்கொண்டே, பின்வரிசையில் இருமுவது எந்தப் பிள்ளை என்று திரும்பிப் பார்க்காமலே சொல்கிறவள் நான். உன் குரல் எனக்குத் தெரியாதா?

இதையும் கேட்டுக்கொள். பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் ஹீட்டன், அதுதான் உன் ப்ராக்கின் மாமா, நேற்று வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார். "பிள்ளைங்க ஏறுற வண்டி, மார்வா. அவசரப்பட்டுக் குதிக்கிற ஆள்னு பேச்சு வந்துடுச்சு. பெத்தவங்க யோசிக்கிறாங்க." கால் சரியான பிறகும் பஸ் எனக்கு இல்லையாம். எத்தனை பனிக்காலம் அந்த மலைப்பாதையில் ஓட்டியிருக்கிறேன்! ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு உண்டா? எனக்கு என்ன, புருஷனா, குழந்தையா? காலையில் அந்தக் கதவு திறந்ததும் ஏறுகிற பிள்ளைகள்தான் எனக்கு எல்லாம். அது உனக்குத் தெரியும். தெரிந்தே தலையாட்டினாய்.

ஹீட்டனிடம் போய் நடந்ததைச் சொல். கெஞ்சவில்லை, சொல் என்கிறேன்.

மார்வா


கானப்
நவம்பர் 15

மார்வா,

பஸ் விஷயம் சத்தியமாக எனக்குத் தெரியாது.

கூப்பிட்டேன். ஆனால் உன்னை இல்லை. உனக்காகக் கீழே கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றேன். அதற்குள் வளைவுக்கு அந்தப் பக்கம் ப்ராக் அலறினார். அடுத்த சரிவில் பாதியில் மாட்டிக்கொண்டு, முகம் வெளுத்து, "நான் செத்துருவேன் ஷாலீன்" என்று அழுதார். ரூலன் எங்கோ முன்னால் போய்விட்டான். நான் ஓடினேன், அவரைத் தாண்டி இறங்கி, கீழே நின்று, அவரைப் பார்த்துச் சொன்னேன். அதே வார்த்தையை. எனக்கு வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

அவர் இறங்கி முடிப்பதற்குள் உன் சத்தம் கேட்டது.

வெளியில் சொல்லாதே என்று அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டார். வசந்தத்தில் வெளியூர்க்காரர்களைப் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போகும் தொழில் தொடங்கப்போகிறார். அழுதவர் என்று தெரிந்தால் யார் வருவார்கள்? எனக்கு நாற்பத்தாறு வயது, மார்வா. இந்த வீட்டில் இன்னொரு ஆள் நடக்கிற சத்தம் கேட்டுப் பழகிவிட்டது. இது நமக்குள் இருக்கட்டும். ஹீட்டனிடம் நான் வேறு விதமாக எடுத்துச் சொல்கிறேன்.

ஷாலீன்


கேட்கிளா
நவம்பர் 18

ஷாலீன்,

நமக்குள் இருக்கட்டுமாம். எனக்குள் இரும்புத் தகடு இருக்கிறது, அது போதும்.

அவன் பயந்ததில் எனக்குக் கோபமில்லை, அங்கே பயப்படாதவன் முட்டாள். நீ ஓடினதிலும் கோபமில்லை. ஓடுவதற்கு முன்னால் "மார்வா, இரு" என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கத்தியிருந்தால் விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேனே! நான் மேலே இருப்பதே உனக்கு மறந்துபோயிற்று. உங்கள் எல்லோரையும் இறக்கிவிட்டவள்தானே, கல்லோடு கல்லாக இருப்பாள் என்று விட்டுவிட்டாய். அதற்குப் பிறகு என்னையே அவசரக்காரி ஆக்கினாய்.

வேறு விதமாக எடுத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. நடந்ததைச் சொல்லாவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

மார்வா


கானப்
நவம்பர் 30

மார்வா,

நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து ஹீட்டன் வீட்டில்தான். வான்கோழியை அறுத்துக்கொண்டே ப்ராக் மறுபடி அந்தக் கதையை எடுத்தார். நீ குதித்ததை நடித்தும் காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அவ குதிக்கல. நான் கூப்பிட்டேன், என் குரலை நம்பிப் பிடியை விட்டா. நான் அங்க இல்ல. இவர் பாதியில மாட்டிக்கிட்டு அழுதாரு, இவரை இறக்கப் போயிட்டேன்" என்றேன். எனக்கு உடம்பு சரியில்லை என்றார் ப்ராக். ஹீட்டன் அவரைப் பார்த்து ரொம்ப மெதுவாக, "உண்மையாடா?" என்று கேட்டார். ப்ராக் எழுந்து டிரக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அவருடைய சாமான்களை நேற்று அவர் தம்பி வந்து ஏற்றிக்கொண்டு போனான். ஏப்ரலில் ஒன்றுமில்லை. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது.

என்னை மன்னி என்று எழுதப் பயமாக இருக்கிறது. ஒரு வரி போடு.

ஷாலீன்


கேட்கிளா
டிசம்பர் 12

ஷாலீனுக்கு,

ஹீட்டன் வந்தார். கால் ஊன்ற ஆரம்பித்ததும் பஸ் எனக்குத்தான். நன்றி எழுதமாட்டேன். முதல் நாளே சொல்ல வேண்டியதை ஒரு மாதம் கழித்துச் சொன்னதற்கு என்ன நன்றி? உன் வீடு சத்தமில்லாமல் இருப்பதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. அதற்காகவும் உன் மேல்தான் கோபம் வருகிறது.

மே மாதம் ரூலனும் நானும் அதே இடுக்குக்குப் போகிறோம். டாக்டர் தலையில் அடித்துக்கொள்கிறார். நீயும் வரலாம். ஆனால் இந்த முறை மேலே உட்காருவது நீ. எலும்பும் தோலுமாக இருக்கிறேன் என்று சாக்குச் சொல்லாதே, மணல் மூட்டையை உன் மடியில் வைத்துக் கட்டுகிறேன். ரூலனை இறக்கு. என்னையும் இறக்கு. நான் எவ்வளவு கனம் என்று உன் இடுப்புக்கும் தெரியட்டும்.

கடைசியாக நீ வா, கயிறில்லாமல். கீழே நான் நிற்பேன். "கை இருக்கு, வா" என்று கூப்பிடுவேன்.

பிடியை விடலாமா வேண்டாமா என்று அங்கே தனியாக உட்கார்ந்து நீ யோசித்துக்கொள்.

மார்வா