விதவை விறகு

ஆகஸ்ட் 21, 2018, செவ்வாய்

கோடை விடுமுறை முடிந்து இன்று சங்கம் கூடியது. என் வீட்டுக்காரர் தௌனோ போகவில்லை.

போவதாகத்தான் இருந்தார். மத்தியானமே முகம் மழித்து, சங்கத்து மஞ்சள் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பூட்ஸை மாட்டிவிட்டார். அடுத்ததற்குக் குனிய முடியவில்லை. உதவப் போனேன், கையைத் தள்ளிவிட்டார். வெளியே அவர் சிநேகிதன் வெய்க்கோ காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். போய், இன்றைக்கு அவர் வரவில்லை என்றேன். "ஏன், பங்க் சூப்பு அலுத்துப்போச்சாமா?" என்று கேட்டான். சொன்னவனுக்கே சிரிப்பு வரவில்லை.

இந்தச் சங்கத்தை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! பெட்ரோல் பங்க் காபிக் கடையின் பின்னறையில் பத்துப் பதினோரு கிழவர்கள் கூடி, ஒரு மணியை அடித்து, பட்டாணி சூப் குடித்துவிட்டு, நாட்டையே தூக்கி நிறுத்தியவர்கள்போல வீடு திரும்புவார்கள். விறகு விஷயத்தில் மட்டும் நான் வாயை மூடிக்கொள்வேன். மே மாதம் மரம் வெட்டிப் பிளந்து கோடை முழுக்கக் காயவைப்பார்கள். அக்டோபர் முதல் சனிக்கிழமை, கணவனை இழந்த பெண்களின் வீட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் அடுக்குவார்கள். சங்கத்துக்காரர் ஒருவர் செத்து, அவர் மனைவி ஹில்க்கா விறகில்லாமல் தவித்த குளிர்காலத்தில் தௌனோ தொடங்கிவைத்தது. அதற்கு ஒரு விதியும் அவரே போட்டார்: அடுக்கிவிட்டுப் பேசாமல் வந்துவிட வேண்டும், கதவைத் தட்டக் கூடாது. தட்டினால் பாவம் அந்தப் பெண் நன்றி சொல்ல வேண்டும், காபி போட வேண்டும், அழ வேண்டும்.

சங்கத்தார் அதை "அக்டோபர் வேலை" என்பார்கள். ஊரார் சொல்வது விதவை விறகு.

செப்டம்பர் 4

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். டாக்டர் சின்னப் பெண், எங்கள் மகள் மெர்வியைவிட இளையவள். இனி ஊசி வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து போதும் என்றாள். அழகாகத்தான் சொன்னாள். அழகாகச் சொன்னால் மட்டும் என்ன?

காரில் வரும் வழியெல்லாம் தௌனோ சாலை ஓரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீடு நெருங்கும்போது, அக்டோபர் வேலைக்குள் எழுந்துவிடுவேன், டிராக்டரில் சும்மா உட்கார்ந்தாவது போவேன் என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 14

கடையில் யார்மோவைப் பார்த்தேன். இந்த வருடச் சங்கத் தலைவன். இன்சூரன்ஸ் வேலைக்காக தெற்கேயிருந்து இங்கே வந்தவன், நல்ல பையன் — பையன் என்ன, ஐம்பது வயது. தௌனோ எப்படி இருக்கிறார் என்று கேட்டான். எல்லோரிடமும் "பரவாயில்லை" என்று சொல்லும் வாய், இன்று ரொட்டி அலமாரி முன்னால் நின்று உண்மையைச் சொல்லிவிட்டது. இலை உதிர்ந்து முடியும்வரை இருந்தாலே அதிகம் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. சங்கம் துணையாக இருக்கும் என்றான்.

சொன்னது தப்போ? தெரியவில்லை. சொன்ன பிறகு நெஞ்சு லேசானது, அதை மறைக்கமாட்டேன்.

செப்டம்பர் 25

வெய்க்கோ வந்திருந்தான். தௌனோவின் கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றிக் கொடுத்தான். பிறகு இருவரும் ஏரியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. அவன் போன பிறகு தௌனோ, "இன்னைக்கு நல்லாப் பேசினோம்" என்றார். வாய்விட்டுச் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று சிரித்து.

அக்டோபர் 6, சனி

எப்படி எழுதுவது இதை?

காலையில் டிராக்டர் சத்தம் கேட்டதும் தௌனோ தலையணையை உயர்த்தச் சொன்னார். நண்பர்கள் வேலைக்குப் போவதைப் பார்க்க வேண்டும், கை காட்ட வேண்டும். டிராக்டர் சாலையில் வந்தது. வெய்க்கோ ஓட்டினான், யார்மோவும் இன்னொருவரும் பின்னால். தௌனோ கையைத் தூக்கினார். வண்டி நேரே போகவில்லை. எங்கள் முற்றத்துக்குள் திரும்பியது.

பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஓடிப்போய் காபிக்குத் தண்ணீர் வைத்தேன், முட்டாள். திரும்பி வந்தால் அவர்கள் டிரெய்லரின் பக்கப் பலகையை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். பிர்ச் மரத்து விறகு, நன்றாகக் காய்ந்தது. எங்கள் கொட்டகையில் அடுக்குகிறார்கள். வெய்க்கோ ஒருமுறைகூட ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அடுக்கி முடித்து, சிதறின பட்டையைக்கூடக் கூட்டிவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

கதவைத் தட்டவில்லை.

தூக்கின கை தௌனோவுக்கு எப்போது இறங்கியது என்று நான் பார்க்கவில்லை. "யாருக்கு அது?" என்றார். "இர்யா, அது யாருக்கு?" மறுபடியும் கேட்டார். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கதவத் தட்டியிருந்தா என்னடா, வெய்க்கோ? தட்டி, "விறகு கொண்டாந்தேன்டா சோம்பேறி, எழுந்து வா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? அப்போ அது சிநேகிதன் கொண்டாந்த விறகு. ஐம்பது வருஷப் பழக்கத்துக்கு அது கூடவா வராது?

அக்டோபர் 8

தௌனோ தானே யார்மோவுக்குப் போன் செய்தார். "நான் இன்னும் சாகலை. சாகலைன்னு எழுதிக் கொடுக்கணுமா? வந்து எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் யார்மோ தனியாகக் காரின் பின்னால் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். விறகை ஏற்றி முடித்து, முற்றத்தில் நின்று என்னிடம் எல்லாம் சொன்னான். என் பெயரையும் விறகுப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கூட்டத்தில் கேட்டது தான்தானாம். விறகு போவது வருடத்துக்கு ஒரே தடவை, இப்போது விட்டால் அடுத்த அக்டோபர்வரை இல்லை, அவரால் வெட்ட முடியாது, நான் குளிரில் கிடக்கக் கூடாது — இதுதான் அவன் கணக்கு. ஒருவரும் மறுக்கவில்லை. சும்மா இருந்தால் சம்மதம் என்று மணியை அடித்துவிட்டான். ஊரில் அதற்கு இருக்கும் பெயர் தனக்குத் தெரியும், ஆனால் அது இத்தனை கனம் என்று தெரியாது என்றான்.

வெய்க்கோவும் இருந்தானா என்று கேட்டேன். இருந்தான். சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

யார்மோமேல் கோபம் வரவில்லை, அவன் வெளியூரான். இந்த ஊர் ஆண்கள் இருக்கிறார்களே, வாயில் கொழுக்கட்டையோடு பிறந்தவர்கள். கொஞ்சம் இருமியிருந்தால்கூட யார்மோ என்னவென்று கேட்டிருப்பான்.

அக்டோபர் 13

வெய்க்கோ போன் செய்தான். தௌனோவிடம் நீட்டினேன். "செத்தவனுக்கு எதுக்கு போன்னு கேளு" என்றார். அவனுக்கு அது கேட்டிருக்கும்.

அக்டோபர் 21, ஞாயிறு

மெர்வி தம்பேரேயிலிருந்து வந்து நான்கு மூட்டை விறகு வாங்கிப் போட்டாள், பெட்ரோல் பங்கில் வலைப்பையில் விற்பது. அப்பா பிடிவாதத்துக்கு ஒரு அளவில்லையா என்று என்னிடம் முனகினாள். அவள் சொல்வதும் சரிதான். ஆனால் அவள் அந்தக் கையைப் பார்க்கவில்லை.

மாலை ஹில்க்கா வந்தாள். ஏலக்காய் பன் சுட்டுக் கொண்டுவந்தாள், கட்டிலருகே உட்கார்ந்தாள். தௌனோ அவளிடம் திடீரென்று, நாங்கள் விறகு போட்டுவிட்டுப் போகும்போது நீ உள்ளே என்ன செய்வாய் என்று கேட்டார். ஹில்க்கா என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "முதல் வருஷம் காபி போட்டு, எல்லாருக்கும் கப்பு எடுத்து வச்சுட்டுக் காத்திருந்தேன். வண்டி கிளம்புற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கப்பையெல்லாம் திரும்ப எடுத்து வச்சேன்." குற்றம் சொல்லும் குரலே இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் போன பிறகு தௌனோ அழுதார். கல்யாணமான நாள் முதல் நான் பார்த்ததில்லை. நான் போட்ட விதி, நான் போட்ட விதி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது வெய்க்கோவைக் கூப்பிடட்டுமா என்றேன். அவனாக வரட்டும் என்றார். இறங்கி வந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார்.

நவம்பர் 17

பனி. ஏரி ஓரம் உறைந்துவிட்டது. வலி கூடிவிட்டது. திங்கள்கிழமை சுகாதார நிலையத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள்.

அவன் வரவில்லை.

டிசம்பர் 6, சுதந்திர தினம்

வருடாவருட வழக்கப்படி எல்லா ஜன்னலிலும் இரண்டு இரண்டு மெழுகுவர்த்தி. வார்டிலும் நர்ஸ்கள் வைத்திருந்தார்கள், பேட்டரி விளக்கு வைத்தது. தௌனோ அதைப் பார்த்து முகம் சுளித்தார், அந்த அளவுக்குத் தெளிவு இருந்தது. அப்புறம் என்னிடம், "வெய்க்கோ வந்தா உள்ள வரச் சொல்லு. தட்ட வேணாம்னு சொல்லு" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது.

வெளியே வந்தால் கார் நிறுத்துமிடத்தில் வெய்க்கோவின் கார் நிற்கிறது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் பனி இல்லை, எவ்வளவு நேரமாக இருந்தானோ. போய்க் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே வா என்றேன்.

"என்னன்னு பேசுவேன் இர்யா?"

"ஒண்ணும் பேசாத. நீங்க ரெண்டு பேரும் என்னைக்குடா பேசினீங்க?"

அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம், காட்டிலிருந்து நேரே வந்துவிட்டேன், இந்தக் கோலத்தில் எப்படி, நாளைக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்றான். சரி என்றேன்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஏன் செய்யவில்லை நான்? நானும் இந்த ஊர்க்காரிதானே.

டிசம்பர் 7

விடியும் முன்னால் தௌனோ போய்விட்டார்.

வெய்க்கோ வந்தான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது, டை. படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 5, 2019, சனி

தேவாலயத்தில் நாள் கிடைக்க ஒரு மாதம் ஆனது; இன்று அடக்கம் முடிந்தது. சங்கத்தின் மலர்வளையத்தை வெய்க்கோவும் யார்மோவும் வைத்தார்கள். அதில் எழுதியிருப்பதை வெய்க்கோ உரக்கப் படிக்க வேண்டும். பெயரைப் படித்தான், அதற்குமேல் போகவில்லை. யார்மோ வாங்கிப் படித்தான்.

அதன்பின் நடந்த விருந்தில் வெய்க்கோ என் மேஜைக்கு வரவில்லை. நானும் போகவில்லை.

மே 18

காட்டுப் பக்கமிருந்து ரம்பச் சத்தம் கேட்கிறது. சங்கத்தார் மரம் வெட்டுகிறார்கள். வழக்கமாக இந்த நாளில் ரொட்டியும் தொத்திறைச்சியும் கட்டிக் கொடுப்பேன். கை தானாகப் போய் ரொட்டியை எடுத்துவிட்டது.

ஆகஸ்ட் 30

யாரிடமாவது எரிச்சலாகப் பேசினால் நன்றாக இருக்கும். கேட்க ஆள் இல்லை. தௌனோ, உனக்கென்ன, நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

அக்டோபர் 5, சனி

காலையிலேயே எழுந்து தலை வாரிக்கொண்டேன். கொட்டகையைக் கூட்டி இடம் பண்ணி வைத்தேன். காபி போட்டேன்.

டிராக்டர் வந்தது. வெய்க்கோதான் ஓட்டினான். எங்கள் முற்றத்து வாசலில் வேகம் குறைந்தது — குறைந்தது, எனக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் நேரே போய்விட்டது. மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குக் கரண்ட் ஹீட்டர் இருக்கிறது. விறகில்லாமல் நான் சாகப்போவதில்லை. ஆனால் இந்த ஊரில் விறகு வராத விதவை நான் ஒருத்திதான். சூடுபட்ட பூனை பாலைக்கூடத் தொடாது. போன வருடம் நாங்கள் திருப்பி அனுப்பினோமே, இனி எந்த மொழியில் எப்படிக் கேட்பது என்று அந்த ஆண்களுக்குத் தெரியாது. யாராவது ஒருவர் வாயைத் திறக்க வேண்டும். அவர்கள் திறக்கமாட்டார்கள். அப்படியென்றால்?

அக்டோபர் 6, ஞாயிறு

வெய்க்கோ வீட்டுக்கு நடந்தே போனேன். சவுனாக் குளியலறைக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அடி வாங்கத் தயாரானவன்போல நின்றான்.

வழியெல்லாம் ஏச்சுப் பேச்சாக யோசித்துவைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "நேத்து ஏன்டா நிக்கலை?" என்று மட்டும் கேட்டேன்.

"பயமா இருந்துச்சு" என்றான். எழுபத்துநாலு வயது ஆண்பிள்ளை.

"இப்போ கொண்டு வரலாம், வெய்க்கோ. இப்போ அது எனக்குத்தான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. தௌனோ போனதிலிருந்து நான் விதவை என்பதை வேறு யாரிடமும் வாயால் சொல்லியிருக்கவில்லை. அவன் வாசல் படியிலேயே உட்கார்ந்தேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். கிழவனும் கிழவியுமாக வெட்கமில்லாமல் அழுதோம். இஸ்திரி போட எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா, அன்றைக்கு இரவே வந்திருக்கலாமே என்று அவனே சொல்லிச் சொல்லி அழுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம், வந்திருக்கலாம்.

அப்புறம் உள்ளே போய்க் காபி போட்டான். கழுநீர் மாதிரி இருந்தது, இரண்டு கப் குடித்தேன்.